வீட்டுக்குள் கேட்கும் நாய் தெருவில் ஏன் கேட்பதில்லை?

"வீட்டுக்குள்ள சொன்னபடி கேக்குதுக்கா. கேட்டைத் தாண்டி ஒரு கால் வெச்சா, நான் யாருன்னே தெரியாத மாதிரி போகுது."

போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி இதைச் சொன்னாள் கீழ்வீட்டுப் பெண். அவள் வீட்டில் இருப்பது ஒன்பது மாத லாப்ரடார். கூடத்தில் "ஸிட்" என்றால் பொத்தென்று உட்காரும். கை நீட்டினால் கால் கொடுக்கும். அதையே அல்சூர் மார்க்கெட் பக்கம் கூட்டிப்போனால், கறிக்கடை கண்ணில் படும் முன்பே மூக்கில் பட்டுவிடும். அவளை இழுத்துக்கொண்டு ஓடும். நாலு தடவை, ஐந்து தடவை கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. "இடம் கொடுத்துக் கெடுத்துட்டே, திமிரு வந்துடுச்சு" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அவளுக்குக் குரல் கம்மியது.

நாய் வளர்க்கும் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். நானும் நான்கு வருடத்துக்கு முன் இதே இடத்தில்தான் நின்றேன். என் மல்லி நாட்டு நாய். ஏரிக்கரை ஓரம் குட்டியாகக் கிடைத்தவள். அவளோடு நடந்து நடந்து நான் புரிந்துகொண்டதைத்தான் கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அந்த நாய்க்குத் திமிர் இல்லை. தெருவில் "ஸிட்" என்றால் என்ன என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

சொல் இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது

இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவில் நிறுத்தி "ஏழு நாலு எவ்வளவு?" என்று கேட்டால் திணறும். மறுபடி "ஓர் நாலு நாலு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் விடை வரும். அதற்கு வாய்ப்பாடு தெரியாது என்று சொல்ல முடியாது. வரிசையோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நாய் இதைவிட அதிகமாகச் சூழலோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும். நாம் கூடத்தில் நின்று, அதன் முகத்தைப் பார்த்து, கையைக் கொஞ்சம் தூக்கி, "உட்காரு" என்று பழக்கியிருப்போம். நாம் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு சொல் என்று நினைப்போம். நாய் கற்றுக்கொண்டது அந்தத் தரை, அந்த வெளிச்சம், நாம் நிற்கும் விதம், தூக்கிய கை, பிஸ்கட் டப்பாவின் வாசனை எல்லாம் சேர்ந்த ஒரு மொத்தம். வேண்டுமானால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நாய்க்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையை அசைக்காமல் "உட்காரு" என்று சொல்லுங்கள். தரையில் படுத்துக்கொண்டு சொல்லுங்கள். பல நாய்கள் குழம்பிப்போய் நிற்கும், அல்லது சுற்றி நம் முகத்துக்கு முன்னால் வந்து பிறகு உட்காரும். வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், தெருவில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா "உக்காரு" என்பார், பிள்ளைகள் "ஸிட்" என்பார்கள், வாட்ச்மேன் அண்ணன் கன்னடத்தில் "கூத்கோ" என்பார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பழக்கினால் நாய் மூன்றையும் கற்றுக்கொள்ளும். ஆனால் ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வது நாய்க்குச் செய்யும் பெரிய உதவி.

கீழ்வீட்டுக் குட்டிக்கு வயதும் ஒரு காரணம். 2020-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளைக் கவனித்தார்கள். ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் சொல்லுக்கு நன்றாக உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் தயங்கின. அதே சொல்லை அந்நியர் சொன்னபோது அவ்வளவு தயங்கவில்லை. ஒரு வயது ஆனதும் சரியாகிவிட்டது. நம் வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பருவம்தான் இது. இந்த மாதங்களில்தான் பலர் வெறுத்துப்போய் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னும் சில மாதம்தான்.

பாவ்லவ் அறைக்குள் வந்தபோது

இவான் பாவ்லவ் என்ற ருஷ்ய விஞ்ஞானியைப் பள்ளியில் படித்திருப்போம். செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். தீனி வருவதற்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், பிறகு ஒலி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர். பாடப்புத்தகம் அத்தோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த பகுதி.

அவருடைய உதவியாளர்கள் ஒரு நாயை நன்றாகப் பழக்கி, இனி தவறாது என்று உறுதியானதும் அவரை வந்து பார்க்கச் சொல்வார்கள். பாவ்லவ் அறைக்குள் வந்து நிற்பார். அவ்வளவு நாள் தவறாமல் எச்சில் ஊறிய நாய்க்கு அன்று ஊறாது. அது புதிதாக வந்த மனிதரையே பார்க்கும், அவர் பக்கமே மூக்கை நீட்டும். கெடுத்தது தான்தான் என்று பாவ்லவ் புரிந்துகொண்டார். புதிதாக எது வந்தாலும் நாயின் உடல் தானாகவே அதன் பக்கம் திரும்புகிறது. அந்த நொடியில் கற்றது பின்னுக்குப் போகிறது. இதற்கு அவர் "என்ன அது?" அனிச்சை என்றே பெயர் வைத்தார். காட்டில் புதர் அசைந்தால் திரும்பிப் பார்த்த விலங்குதான் பிழைத்திருக்கும். அதனால் இது நாயின் உடம்பிலேயே ஊறிய ஒன்று. கெட்ட பழக்கம் என்று சொல்வதற்கில்லை.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தடித்த சுவர்களும் ஒலி புகாத அறைகளுமாக ஒரு தனிக் கட்டடமே எழுப்பப்பட்டது. அமைதிக் கோபுரம் என்று அதற்குப் பெயர். பாவ்லவுக்கே ஒரு கோபுரம் தேவைப்பட்டது. நாமோ தலைக்கு மேல் மெட்ரோ ஓட, பக்கத்தில் ஆட்டோ ஹாரன் அடிக்க, குப்பைத்தொட்டி ஓரம் எலி ஓட, நடுரோட்டில் நின்றுகொண்டு "உட்காரு" என்கிறோம்.

நாயின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் அதிகம். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். நமக்கு அமைதியாக இருக்கும் தெரு அதற்கு அமைதியாக இல்லை. மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மின்கம்பத்தின் அடியில் மல்லி ஒரு நிமிடம் நின்றால், அந்தத் தெருவில் நேற்றிரவு யார் போனார்கள், ஆணா பெண்ணா, புது நாயா பழைய நாயா என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிவது ஈரமான கம்பம் மட்டும்தான்.

எது கவனத்தை இழுக்கும் என்பது நாய்க்கு நாய் மாறும். நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளர்க்கப்பட்டவை; கர்நாடகத்தின் முதோள் நாயும் அப்படித்தான். இவை கண்ணால் வேட்டையாடும் நாய்கள். தூரத்தில் ஒரு பூனை ஓடினால் போதும். பீகிள் இன நாய்க்கு வாசனைதான் எல்லாம். லாப்ரடாருக்குப் பெரும்பாலும் தின்பண்டம், அப்புறம் மனிதர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் நாய் எதைப் பார்த்தால் எவ்வளவு இழுக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மல்லியின் தாளில் மேலே இருந்தது பூனை. அடுத்தது எங்கள் சந்தின் முனையில் இருக்கும் பழுப்பு நிறத் தெருநாய். கடைசியில் சைக்கிள். பயிற்சி எப்போதும் அந்தத் தாளின் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாங்கும் தூரம்

ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கவனத்தை இழுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் நாய்க்கு ஒரு தூரம் உண்டு. அதற்கு வெளியே இருக்கும்வரை அதனால் உங்களையும் கேட்க முடியும், அந்தப் பொருளையும் பார்க்க முடியும். அந்தத் தூரத்துக்குள் போய்விட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழுந்தாலும் மூளையில் ஏறாது. நான் இதைத் தாங்கும் தூரம் என்று சொல்லுவேன்.

ஏரிக்கரைக்குப் போகும் வழியில் மரத்தடியில் ஓர் இளநீர் வண்டி நிற்கும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கும். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, கையில் வேகவைத்த கோழி ஈரல் துண்டுகளோடு, மல்லியை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மெதுவாக நடந்தேன். அறுபது அடி தூரத்தில் அவள் பூனையைப் பார்த்தாள். காது நிமிர்ந்தது. "மல்லி" என்றேன். திரும்பினாள், ஈரலை உதட்டால் மென்மையாக எடுத்துக்கொண்டாள், மறுபடி பூனையைப் பார்த்தாள். நாற்பது அடிக்கு வந்தோம். திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. பெயர் சொன்னால் தலை பாதிதான் திரும்பியது. ஈரலை எடுக்கும்போது பல் என் விரலில் பட்டது. இருபத்தைந்து அடியில் வால் விறைத்து, உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது. ஈரலை அவள் வாய்க்குள்ளேயே வைத்தேன். அது உதட்டோரமாக நழுவித் தரையில் விழுந்தது. அவளுக்கு உயிரான ஈரல். விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அந்தத் துண்டு தரையில் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த நொடியில் அவளைத் திட்டி என்ன பயன்? அவள் என்னை மதிக்காமல் இல்லை. அங்கே அவளால் சாப்பிடவே முடியவில்லை. சொன்னதை எப்படிக் கேட்பாள்?

இதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. மென்மையாக வாங்கிச் சாப்பிட்டால் தூரம் சரி. பறித்துத் தின்றால் விளிம்பில் இருக்கிறீர்கள். சாப்பிடவே இல்லை என்றால் உடனே பின்வாங்குங்கள். கட்டளை எதுவும் வேண்டாம், பேசாமல் திரும்பி நடங்கள். நாய் மறுபடி மூச்சுவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்கும் இடம்தான் உங்கள் வகுப்பறை. பூனைக்கு மல்லியின் வகுப்பறை ஐம்பது அடியில் இருந்தது. நாங்கள் அங்கேதான் ஆரம்பித்தோம்.

எங்கே தொடங்கி எங்கே போவது

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன: எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், நீங்கள் அதைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், சுற்றி எவ்வளவு இடைஞ்சல் இருக்கிறது. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். கூடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கும் நாயிடம் தெருவிலும் இரண்டு நிமிடம் கேட்கக் கூடாது. தெருவில் முதல் நாள் ஒரு நொடி போதும். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். உட்கார்ந்ததா, "சபாஷ்", ஒரு துண்டு, முடிந்தது.

அந்த "சபாஷ்" முக்கியம். நாய் சரியாகச் செய்த அதே நொடியில் சொல்ல வேண்டும். சொன்னபின் தவறாமல் தீனி தர வேண்டும். பாவ்லவின் ஒலிக்கு நடந்தது இந்தச் சொல்லுக்கும் நடக்கும். தீனியை எடுக்கப் பையில் கைவிட்டுத் துழாவும் நேரத்துக்குள் நாய் எழுந்து வேறு எங்கோ பார்த்திருக்கும். நாம் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாமல் போகும். "சபாஷ்" அந்த இடைவெளியை நிரப்புகிறது.

இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். கூடத்தில் டிவி ஓடாதபோது நன்றாக வந்துவிட்டது என்றால், அடுத்தது டிவி ஓடும்போது. பிறகு குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறை வாசலில். பிறகு மொட்டை மாடி; காக்கை இருக்கும், காயப்போட்ட துணி காற்றில் படபடக்கும். பிறகு மாடிப்படி. பிறகு கேட் திறந்திருக்க, காம்பவுண்டுக்கு உள்ளே. அதற்கப்புறம்தான் தெரு, அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாத விடிகாலையில். ஒவ்வொரு புது இடத்திலும், குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் தீனியை மூக்கருகே காட்டி உட்காரவைப்பதிலிருந்து தொடங்குங்கள். இது வீண் வேலை போலத் தோன்றும். முதல் இடத்துக்குப் பத்து நாள் ஆனால், இரண்டாவதுக்கு நான்கு நாள், மூன்றாவதுக்கு இரண்டு நாள் என்று குறையும். பல இடங்களில் ஒரே சொல்லுக்கு ஒரே பலன் கிடைத்தபிறகுதான், "ஓ, இந்தச் சொல் எங்கேயும் செல்லும்" என்று நாய்க்குப் பிடிபடுகிறது. மல்லிக்கு அது ஏழாவது இடத்தில் நடந்தது என்று நினைக்கிறேன். தபால் பெட்டி அருகில் முதல் தடவை சொன்னதுமே உட்கார்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று நான் அவளை அங்கேயே கட்டிக்கொண்டேன்.

எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதற்குப் பயிற்சியாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பத்து முறை சொல்லுங்கள். எட்டு முறையோ அதற்கு மேலோ செய்தால் மேலே போங்கள். ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் ஒரு படி இறங்குங்கள். நடுவில் இருந்தால் அங்கேயே இன்னொரு நாள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை போதும். சாப்பாட்டுக்கு முன் பயிற்சி செய்தால் ஆர்வம் அதிகமாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் தார்ரோடு கொதிக்கும். புறங்கையை ஐந்து நொடி ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடக்கவிடாதீர்கள்.

கட்டளையை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "உட்காரு, உட்காரு, ஏய் உட்காரு" என்று அடுக்கினால், நாலாவது தடவைதான் அர்த்தமுள்ளது என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை சொல்லி நடக்கவில்லையா, இடைஞ்சலிலிருந்து பத்தடி தள்ளிப்போய் மறுபடி சொல்லுங்கள்.

தீனியின் தரம் இடைஞ்சலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். கூடத்தில் பிஸ்கட்டுக்குச் செய்யும் வேலையைக் கறிக்கடை வாசலில் பிஸ்கட்டுக்குச் செய்யாது. வெளியே போகும்போது வேகவைத்த கோழி, ஈரல், முட்டை. சைவ வீடுகளில் பனீரும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். கேசரியில் இருக்கும் திராட்சைகூடக் கூடாது. ஈரல் தினமும் நிறையக் கொடுப்பதும் நல்லதல்ல. ஒரு துண்டு பட்டாணி அளவு இருந்தால் போதும். நாய் துண்டின் அளவைவிட எத்தனை தடவை கிடைக்கிறது என்பதில்தான் மகிழ்கிறது. கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

"கடைசிவரை தீனியைக் கையில் வெச்சுக்கிட்டே சுத்தணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். ஓர் இடத்தில் உறுதியாக வந்தபிறகு இரண்டு தடவைக்கு ஒருமுறை, பிறகு எப்போது வரும் என்று தெரியாதபடி எப்போதாவது. அடுத்தது கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பில் அது இன்னும் கவனமாகச் செய்யும். ஆனால் புது இடத்தில் மறுபடி தாராளமாகத் தொடங்க வேண்டும்.

இழுக்கும் பொருளையே பரிசாக்குவது

கீரையைத் தின்றால்தான் அப்பளம் என்று நம் பாட்டிகள் சொல்லுவார்கள். டேவிட் பிரெமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் இதையே சோதனையாகச் செய்தார். சிறு பிள்ளைகளுக்கு மிட்டாயும் ஒரு பின்பால் விளையாட்டு எந்திரமும் கொடுத்தார். எந்தப் பிள்ளை எதை அதிகம் விரும்புகிறது என்று முதலில் பார்த்தார். விளையாட்டை விரும்பிய பிள்ளைகளிடம், மிட்டாய் தின்றால்தான் விளையாடலாம் என்றார். அவர்கள் மிட்டாயை அதிகம் தின்றார்கள். அதிகம் விரும்பும் வேலையைக் காட்டி, குறைவாக விரும்பும் வேலையை வாங்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

நாய்க்கு இது வரப்பிரசாதம். மல்லிக்கு மின்கம்பத்தை மோந்து பார்க்க வேண்டும். எனக்கு அவள் இழுக்காமல் நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஏன் சண்டை? கம்பத்துக்குப் பத்தடி முன்பே நிற்பேன். லீஷ், அதாவது அவளைப் பிடித்திருக்கும் கயிறு, விறைப்பாக இருக்கும். பேசாமல் நிற்பேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, லீஷ் தளர்ந்த நொடியில் "சபாஷ், போ, மோந்து பாரு" என்று அவளோடு கம்பம்வரை நடப்பேன். இழுத்தால் கம்பம் கிடைக்காது, என்னைப் பார்த்தால் கிடைக்கும் என்று மூன்று வாரத்தில் பழகிவிட்டாள். இப்போது நல்ல வாசனை வரும்போதெல்லாம் அவளாகவே என் முகத்தைப் பார்க்கிறாள். முன்பு என்னிடமிருந்து அவளைப் பிரித்த அதே வாசனை இப்போது அவளை என் பக்கம் திருப்புகிறது. இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மோந்து பார்ப்பது நாய்க்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. நடையில் ஒரு பங்கு நேரம் அதற்கென்றே இருக்கட்டும். முழு நடையையும் பயிற்சியாக்கினால் நாய்க்குச் சலித்துவிடும்.

சங்கிலியை இழுக்காதீர்கள்

மல்லிக்குப் பத்து மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து பழக்கும் ஒருவரை வைத்திருந்தேன். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டினார். தெருநாய் தெரிந்து அவள் பார்த்தாலே வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஒரு வாரத்தில் பார்ப்பதை நிறுத்தினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வாரம், எந்த வம்பும் செய்யாத ஒரு தெருநாய் எதிரே வந்தபோது பல்லைக் காட்டிப் பாய்ந்தாள். அதற்கு முன் அவள் எந்த நாயிடமும் அப்படி நடந்ததில்லை. அன்று இரவு அவள் கழுத்தைத் தடவியபோது தோல் தடித்திருந்தது. அந்த நினைப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதற்கும் பாவ்லவ்தான் விளக்கம். ஒலியும் தீனியும் சேர்ந்ததுபோல, நாய் தெரிவதும் கழுத்து வலியும் சேர்ந்துவிட்டன. வலி தருவது தெருநாய்தான் என்று அவள் கற்றுக்கொண்டாள். அதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் பிடித்தது. மார்பைச் சுற்றி மாட்டும் அகலமான ஹார்னஸும் ஆறடி லீஷும் போதும். திரும்பி ஓடிவந்த நாயை "எங்கே போனே?" என்று அடிப்பதும் இதே கதைதான். அடி விழுந்தது ஓடியதற்கு என்று நாய்க்குத் தெரியாது. திரும்பி வந்ததற்கு என்றுதான் தெரியும்.

பயத்தையும் கவனச்சிதறலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீபாவளி வெடிக்கு நடுங்கிக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய் கட்டளையை மீறவில்லை. அப்போது பயிற்சி வேண்டாம். கதவைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டு, பக்கத்தில் இருங்கள். ரொம்பவும் பயந்தால் பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

தெருநாய்கள்

நம் ஊரில் இதைப் பேசாமல் தீராது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் 2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்லும் பொதுவான முறை. காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை முடிந்த நாய் என்று அடையாளம். ஆகவே உங்கள் சந்தில் இருப்பவை பெரும்பாலும் தினமும் அதே நாய்கள்தான். அவற்றின் எல்லையைக் கவனியுங்கள். எங்கள் சந்தின் பழுப்பு நாய் அயர்ன் கடைவரை துரத்தும். அதற்குமேல் ஓர் அடி வராது. அது அதன் எல்லை, நாம்தான் விருந்தாளி. சோறு வைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். நேராக அதை நோக்கி நடக்காமல் வளைந்து போங்கள்; நாய்கள் ஒன்றையொன்று மரியாதையாக அணுகுவதும் வளைந்துதான்.

"திரும்பு" என்று ஒரு சொல்லை விளையாட்டாகவே பழக்கிவையுங்கள். சொன்னதும் இருவரும் சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் நாலு எட்டு வேகமாக நடக்க வேண்டும், பிறகு நல்ல தீனி. வீட்டுக் கூடத்தில் ஐம்பது தடவை செய்திருந்தால்தான் தெருமுனையில் இரண்டு நாய் குரைத்துக்கொண்டு வரும்போது உங்களுக்கும் கைகொடுக்கும், நாய்க்கும். ரேபிஸ் தடுப்பூசி வருடா வருடம் தவறக் கூடாது. கடி பட்டால், எவ்வளவு சிறிய கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூப்பிட்டால் வரும் பழக்கத்துக்கு முப்பதடிக் கயிறு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஹார்னஸில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் வேண்டாம். "வா" என்ற சொல்லைக் குளிப்பாட்டவோ, மாத்திரை கொடுக்கவோ, வீட்டுக்குக் கிளம்பவோ பயன்படுத்தாதீர்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தீனி கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை காலை நாய்களோடு நிறையப் பேர் வருவார்கள். அங்கே போனாலும் கூட்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி நின்று தொடங்குங்கள். ரோட்டில் லீஷைக் கழற்றவே வேண்டாம், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் சரி.

கீழ்வீட்டுப் பெண் இப்போது மார்க்கெட்டுக்குப் போவதில்லை. மூன்று வாரமாக எங்கள் கேட்டுக்கு உள்ளே, கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பழக்குகிறாள். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்துக்கு எத்தனை என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போடுகிறார். நேற்று ஏழு கோடு. தெருவில் முட்டைக்காரர் சைக்கிளில் போனபோதும் குட்டி உட்கார்ந்தே இருந்ததாம். மல்லி இளநீர் வண்டிப் பூனைக்கு முப்பதடிவரை வந்திருக்கிறாள். பூனை எழுந்து ஓடினால் மட்டும் இன்னும் ஐம்பதடி வேண்டும். அதனால் அந்த மரத்தடி வந்ததும் நாங்கள் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடக்கிறோம்.